பழைய வண்டியும் புதிய இயந்திரமும்

மோட்டார் வண்டியின் இயந்திரத்தை அதன் இருதயம் என்று கூறுவது வழக்கம். கேட்பதற்கு இனிதாயினும் இவ்வுவமை ஓரளவே பொருந்துவதாகும். இருதயம் மாற்றப்பெற்ற மனிதன் அதே மனிதனே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இயந்திரம் மாற்றப்பெற்ற வண்டி அதே வண்டிதானோ என்று வினவினால், அதை ஓட்டுபவர் ஒரு விடையும், பழமையைப் போற்றுபவர் மற்றொரு விடையும், பதிவு செய்யும் அதிகாரி வேறொரு விடையும் கூறுவர். அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட ஸ்போர்ட்ஸ் வண்டியொன்றில் இக்காலத்து ஆற்றல் மிக்க இயந்திரத்தைப் பொருத்துவது எங்ஙனம் என்பதையும், அதனால் விளைவன யாவை என்பதையும் ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றேன்.

விளக்கத்தின் பொருட்டு நெல்லித்தோப்பில் வாழும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய பாட்டனார் 1956-ஆம் ஆண்டில், அதாவது புதுவையின் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவின் கைக்கு மாறி ஈராண்டுகள் கழிந்த வேளையில், எம்.ஜி.ஏ. என்னும் இருவர் அமரும் ஆங்கில வண்டியை வாங்கினார் எனக் கொள்வோம். பேரனார் காலத்தில் அது கொட்டகையில் அசையாது நிற்கின்றது. சக்கரமும் உடலும் ஒருவாறு நன்னிலையில் உள. இயந்திரத்தின் வார்ப்பிரும்பு உடலிலோ பிளவு கண்டுவிட்டது. அன்னார் என் செய்வார்? அதே வகை இயந்திரத்தைத் தேடுவார். அல்லது உறவான ஒன்றைப் பொருத்துவார். அல்லது ‘இத்துணைச் செலவு செய்வதாயின் புதிய இயந்திரத்தையே பொருத்தி, வண்டியைப் பறக்கச் செய்வேன்’ என்று துணிவார். மூன்றாவது எண்ணமே இளைஞர் மனத்தைக் கவர்வது.

உறவான இயந்திரம் என்றேனே, அதை முதலில் கூறிவிடுகின்றேன். நம் நாட்டுத் தெருக்களில் 1958 முதலாக ஓடிய அம்பாஸிடர் வண்டியை அறியாதார் இலர். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அவ்வண்டியில் பல்லாண்டுகள் இருந்த 1489 கன சென்டிமீட்டர் இயந்திரமும், எம்.ஜி.ஏ. வண்டி 1955-இல் வெளிவந்தபோது அதில் இருந்த 1489 கன சென்டிமீட்டர் இயந்திரமும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்த ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. ஒன்று இரண்டு கார்புரேட்டர்களும் மிகுந்த அழுத்த விகிதமும் பெற்று எழுபது குதிரைச்சக்தியளவு தந்தது; மற்றொன்று ஒரே கார்புரேட்டரோடு ஐம்பதை ஒட்டி நின்று, அமைச்சர்களையும் வாடகைப் பயணிகளையும் ஒரே பொறுமையோடு சுமந்தது. ஆகவே நெல்லித்தோப்பு அன்பர் அம்பாஸிடர் இயந்திரத்தைப் பொருத்துவாராயின், சில உறுப்புகளை மாற்ற நேரினும், அதை அந்நிய உறவு என்று சொல்ல இடமில்லை.

நிற்க. இயந்திர மாற்றம் என்பது பட்டறைக்காரரின் விளையாட்டு மட்டுமன்று. பெரிய கம்பெனிகளே அதைச் செய்து புகழும் பொருளும் ஈட்டியுள்ளன. இங்கிலாந்தில் ஏ.சி. என்னும் சிறு கம்பெனி ‘ஏஸ்’ என்ற அழகிய வண்டியைச் செய்துவந்தது. அதற்கு இரண்டு லிட்டர் இயந்திரம் அளித்துவந்த பிரிஸ்டல் கம்பெனி அத்தொழிலை நிறுத்தத் தொடங்கவே, வண்டிக்கு இயந்திரமில்லாத நிலை நேர்ந்தது. 1961-இல் அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, எட்டு உருளை இயந்திரமொன்றை அதில் வைக்கலாம் என்று எழுதினார்; பின்னர் ஃபோர்டு கம்பெனியின் இயந்திரம் அதற்குக் கிடைத்தது. 1962-இல் பிறந்தது ‘கோப்ரா’. இயந்திரத்தை இறக்கி வைத்ததோடு வேலை முடியவில்லை. ஸ்டியரிங் பெட்டியை விலக்கி வைக்க வேண்டியதாயிற்று. பின் அச்சின் டிஃபரன்ஷியலை மிக வலியதாக மாற்ற வேண்டியதாயிற்று. பின்னர் 1965-இல் ஏழு லிட்டர் இயந்திரத்தைப் பொருத்த முற்பட்டபோது, அடிச்சட்டத்தின் குழாய்களையே மூன்று அங்குல விட்டத்திலிருந்து நான்கு அங்குலமாகப் பருக்கச் செய்து, பட்டை வில்களை நீக்கிச் சுருள் வில்களை அமைத்தனர். இயந்திரம் வளர்ந்தால் வண்டி முழுவதும் வளர்ந்தே தீரவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஷெல்பியின் கைவண்ணம் பட்ட மற்றொரு வண்டி ‘ஸன்பீம் டைகர்’. ரூட்ஸ் கம்பெனியின் ‘ஆல்பைன்’ என்னும் மென்மையான நான்கு உருளை வண்டியில், 1964-இல், 4.2 லிட்டர் ஃபோர்டு இயந்திரம் புகுத்தப்பெற்றது. புகுத்தப்பெற்றது என்ற சொல்லை வேண்டுமென்றே ஆள்கின்றேன். தொழிற்சாலையில், வண்ணம் பூசி முடித்த உடலின் முன் தடுப்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து உள்ளே வளைத்தபின்னரே இயந்திரம் அமர இடம் கிடைத்ததாம்! அதன் ஸ்பார்க் பிளக்குகளுள் ஒன்றைக் கழற்ற வேண்டுமாயின், ஓட்டுவோர் அறையினின்று ஒரு துளையின் வழியே கையை விடவேண்டும். பின்னர் ரூட்ஸ் கம்பெனி ஃபோர்டின் போட்டியாளரான கிரைஸ்லரின் கைக்குப் போயிற்று. தன் வண்டியில் பகைவன் இயந்திரம் இருப்பதைக் கிரைஸ்லர் விரும்புமா? தன் இயந்திரத்தை வைத்துப் பார்த்தது. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறத்தில் இருந்தமையால் இடம் போதவில்லை. 1967-இல் டைகரின் உற்பத்தி நின்றது. ஒரு கைப்பிடியளவு உறுப்பு இருக்கும் இடம் ஒரு வண்டியின் ஆயுளை முடிவு செய்தது என்பதை இத்தொழிலில் இறங்குவோர் மறத்தலாகாது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் ஹெரால்டு, கஸெல் முதலிய வண்டிகளைச் செய்துவந்ததைப் பழைய மாணவர் பலர் நினைவுகூர்வர். அக்கம்பெனியார் 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் வண்டியை வெளியிட்டனர். அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1976-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டிலே ஐரோப்பாவின் ‘ஆண்டின் வண்டி’ என்ற பரிசைப் பெற்ற, நீண்டு தாழ்ந்த அழகிய வடிவம் அது. அங்கே அதில் இருந்தது 3.5 லிட்டர் எட்டு உருளை இயந்திரம். நூற்றைம்பது குதிரைக்கு மேற்பட்ட ஆற்றல். இங்கே அதில் வைக்கப்பெற்றதோ 1947-இல் அறிவிக்கப்பெற்ற ஸ்டாண்டர்டு வான்கார்டு வண்டியின் வழிவந்த 1991 கன சென்டிமீட்டர் நான்கு உருளை இயந்திரம். ஆற்றல் எண்பத்து சொச்சம். இளமை பொங்கும் உடலில் முதுமையடைந்த இயந்திரம்! நாம் ஆராய்வதற்கு நேர் எதிரான மாற்றம் இது. நம் சாலைகளின் பொருட்டு உடலும் சற்றே உயர்த்தப்பெற்றது. தோற்றத்தைக் கண்டு மயங்கி வாங்கியவர், விலை மிகுதியையும் பெட்ரோல் குடிக்கும் அளவையும் மந்தமான ஓட்டத்தையும் கண்டு மனம் சலித்தனர். 1988-இல் உற்பத்தி நின்றது; கம்பெனியும் மீண்டும் தலையெடுக்கவில்லை.

அந்த வான்கார்டு இயந்திரத்தை இகழ்வது என் கருத்தன்று. ஃபெர்குஸன் டிராக்டரில் உழுததும், ‘டிரையம்ஃப் டி.ஆர்.2’ என்னும் ஸ்போர்ட்ஸ் வண்டியில் நூறு மைல் வேகத்தை எட்டியதும் அதே குடும்பத்து இயந்திரமே. தன் எடைக்கும் காலத்துக்கும் ஏற்ற உடலில் அது வீரன். நாற்பதாண்டு பிந்திப் பிறந்த கனத்த உடலில் கூலியாள். பொருத்தமே இங்கு முதன்மையானது.

அதே 1985-இல் பம்பாயின் பிரீமியர் கம்பெனியார் ஃபியட் 124 வண்டியின் பழைய உடலில் ஜப்பானிய நிஸ்ஸான் இயந்திரத்தை வைத்து ‘118 என்.இ.’ என வெளியிட்டனர். 1171 கன சென்டிமீட்டரே கொண்ட சிறு இயந்திரம்; எனினும் உடலின் எடைக்கு இசைந்தது. அவ்வண்டி பல்லாண்டு விலைபோயிற்று. அம்பாஸிடர் வண்டியும் 1990-களின் தொடக்கத்தில் இஸுஸு கம்பெனியின் 1.8 லிட்டர் இயந்திரத்தையும் ஐந்து கியர் பெட்டியையும் பெற்று, கிழப்பருவத்தில் ஓடக் கற்றுக்கொண்டது. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் செய்தது இன்னொரு வகை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், கிடைக்கும் இயந்திரம் எதுவோ அதற்கேற்ப உடலைக் கட்டினார். மாருதி 800 வண்டியின் மூன்று உருளை இயந்திரத்தைக் கொண்டு அவர் சமைத்த ‘ஃபார்முலா மாருதி’ பந்தய வண்டிகளே நரேன் கார்த்திகேயன் போன்றோர்க்கு ஏணியாயின. 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தது தென்னாட்டு மோட்டார்த் தொழிலுக்கு நேர்ந்த பேரிழப்பு.

இவை நிற்க, நெல்லித்தோப்பு அன்பரின் கொட்டகைக்குத் திரும்புவோம். அவர் ரோவரின் எட்டு உருளை இயந்திரத்தையே வாங்கிவிட்டார் எனக் கொள்வோம். அதில் பிழையில்லை, எம்.ஜி. வண்டிகளுக்கும் அவ்வியந்திரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. எம்.ஜி.ஏ.வின் தம்பியான எம்.ஜி.பி. வண்டியில் அதை முதலில் பொருத்தி விற்றவர் கென் காஸ்டெல்லோ என்ற தனி மனிதர். அதைக் கண்ட கம்பெனியாரே 1973-இல் அங்ஙனம் ஒரு வண்டியை வெளியிட்டனர். எட்டு உருளை என்றதும் யானைபோல் கனக்கும் என எண்ணற்க. ரோவர் இயந்திரம் அலுமினிய வார்ப்பு. பழைய நான்கு உருளை வார்ப்பிரும்பு இயந்திரத்தைக் காட்டிலும் ஏறத்தாழ 18 கிலோகிராமே மிகுதி. இதுவே இவ்வகை மாற்றத்தின் முதற்கணக்கு. முன் அச்சின்மேல் எடை மிகுந்தால், நேர்சாலையில் அம்புபோற் பாயும் வண்டி வளைவில் திரும்ப மறுத்து வெளியே இழுக்கும். புதிய இயந்திரங்கள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனமையே பழைய வண்டியில் அவற்றைப் பொருத்துதலை இயல்வதாக்கிற்று. சான்றாக, 1999-இல் ஹோண்டா கம்பெனி தன் எஸ்.2000 வண்டியில் வைத்த இரண்டு லிட்டர் இயந்திரம், நிமிடத்திற்கு எட்டாயிரம் சுற்றைக் கடந்து, 240 குதிரைச்சக்தியை எட்டிற்று. எம்.ஜி.ஏ.வின் இயந்திரத்தைப் போல் மும்மடங்கு ஆற்றல். கன அளவோ ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மிகுதி.

இரண்டாவது கணக்கு முறுக்கு விசை. இதைச் சற்று விரித்துக் கூறுவேன். ஏனெனில் பலர் குதிரைச்சக்தியையே கேட்டு இதைக் கேளாது விடுகின்றனர். எம்.ஜி.ஏ. இயந்திரத்தின் மிகுந்த முறுக்கு விசை ஏறக்குறைய 104 நியூட்டன் மீட்டர். முதற் கியரின் விகிதம் 3.64, பின் அச்சின் விகிதம் 4.3. மூன்றையும் பெருக்கினால், வண்டி புறப்படும் வேளையில் பின் அச்சில் விழும் முறுக்கு 1,600 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மிகும். ரோவர் இயந்திரத்தின் முறுக்கு விசை 262. மற்றவற்றை மாற்றாது அதை மட்டும் பொருத்தினால், அதே அச்சில் 4,100 விழும். ஓர் ஆளைச் சுமக்கக் கட்டிய தொட்டிலில் இருவரும் பாதியும் ஏறிய கதைதான். டயர் வழுக்கிவிட்டால் அச்சு பிழைக்கும். டயர் நன்றாகப் பற்றினால் அச்சுத்தண்டு முறியும். பழைய கியர் பெட்டியின் பற்களும் இதே கதியை அடையும். ஆகவே எம்.ஜி. கம்பெனியார் எட்டு உருளை வண்டியில் பின் அச்சின் விகிதத்தை 3.9-இலிருந்து 3.07-ஆகக் குறைத்தனர். அங்ஙனம் குறைத்தமையால் அச்சின் சுமை தணிந்ததோடு, நெடுஞ்சாலையில் இயந்திரம் மெதுவாகச் சுழன்றே மிக்க வேகம் தரலாயிற்று.

புதிய இயந்திரத்தை அதற்குரிய கியர் பெட்டியோடே எடுப்பது அறிவுடைமை. பழைய பெட்டியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமெனில் இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்புத் தகடு கடைய வேண்டும். இயந்திரத்தின் அச்சும் பெட்டியின் தண்டும் மயிரிழையும் பிசகாது ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும்; பிசகினால் கிளட்சும் தாங்கிகளும் சின்னாளில் அழியும். பின்னால் ஓடும் நீண்ட தண்டையும் அளவுக்கு வெட்டி, சுழலும்போது அதிராதபடி நிறை சமப்படுத்த வேண்டும். இயந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி முன் குறுக்குச் சட்டத்தில் இடித்தால், தொட்டியை வேறு வடிவில் அமைக்கலாம். சட்டத்தை வெட்டுதல் மட்டும் ஆகாது. சக்கரங்களைத் தாங்கி நிற்பது அச்சட்டமே.

மூன்றாவது பிரேக். 1956-ஆம் ஆண்டு எம்.ஜி.ஏ.வில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது 1959-இல். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும் என்பதை இண்டர்மீடியட் பௌதிகம் படித்தவரும் அறிவர். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை நிறுத்த எவ்வளவு வெப்பம் பிரேக்கில் எழுமோ, அதைப்போல் நான்கு மடங்கு 120 கிலோமீட்டரில் எழும். மூடிய டிரம் அவ்வெப்பத்தை விரைவில் வெளியேற்றாது; சூடேறச் சூடேற அதன் பிடிப்பும் தளரும். பணம் இயந்திரத்துக்கே சரியாகப் போயிற்று, பிரேக்கைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்பவருக்கு என் வேண்டுகோள், முதலில் பிரேக்கை மாற்றி, இயந்திரத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்க என்பதே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே வரும் மாடும் மிதிவண்டியும் வண்டியின் பழமையைக் கருதி விலகமாட்டா.

நான்காவது, குளிர்வித்தல். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் நீரின் வழியே வெளியேற வேண்டும். இயந்திரம் பெரிதாயின் இப்பங்கும் பெரிதாகும், எம்.ஜி.ஏ.வின் சிறிய மூக்கிலோ பெரிய ரேடியேட்டருக்கு இடமில்லை. இங்கிலாந்துக் குளிரில் ஒருவாறு சமாளிக்கலாம். சித்திரை மாதத்து உச்சி வேளையில் நெல்லித்தோப்புச் சந்தைப் பக்கம் நெரிசலில் கால் மணி நேரம் நிற்கும் வண்டிக்கு அது செல்லாது. நின்றபோதும் காற்றை இழுக்கும் மின்விசிறியும், கனமான செம்பு அல்லது அலுமினிய ரேடியேட்டரும் இன்றியமையாதன.

ஹோண்டா போன்ற இக்காலத்து இயந்திரமாயின் மின்சாரமே தனிக்கலை. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சதுர அங்குலத்துக்கு மூன்று பவுண்டு அளவு அழுத்தத்தோடு சென்றாற் போதும். ஊசித்துளை வழியே எரிபொருள் பாய்ச்சும் புதிய முறைக்கு நாற்பது பவுண்டுக்கு மேல் வேண்டும். ஆகவே பம்பு, குழாய், இணைப்புகள் யாவும் புதியன ஆக வேண்டும். பழைய ரப்பர்க் குழாயை விட்டுவைத்தால் அது தீயை விலைக்கு வாங்குவதாகும். தண்டு எத்திசையில் எவ்வளவு சுழன்றது, உள்ளே செல்லும் காற்று எவ்வளவு, வெளிவரும் புகையில் பிராணவாயு எவ்வளவு என்பவற்றை உணரும் கருவிகள் பல. அவற்றின் செய்தியைக் கேட்டு ஆணையிடும் மின்னணுப் பெட்டி ஒன்று. இங்கே ஒரு பொறி மறைந்திருக்கின்றது. எம்.ஜி.ஏ. முதலிய பழைய ஆங்கில வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையை அடிச்சட்டத்தோடு இணைத்திருப்பர். இக்கால வண்டிகளில் எதிர்முனையே அங்ஙனம் இணைக்கப்பெறும். இதை நோக்காது மின்னணுப் பெட்டியை இணைத்தால், சாவியைத் திருப்பிய கணமே அது கருகக்கூடும். டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டரை வைத்து, முனைகளை மாற்றிய பின்னரே மற்றவற்றைத் தொடுதல் வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த அன்பர், வண்டியைத் தெருவில் இறக்குமுன் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் வண்டியைச் செய்தவர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி உரிமையாளர் மாற்றலாகாது என்கின்றது. இயந்திரத்தின் எண்ணும் அச்சான்றில் உண்டு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. ஆகவே பதிவு அதிகாரியைக் கேளாது செய்யும் மாற்றம் தண்டத்தில் முடியும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியாரும் கைவிரிக்க வழியுண்டு. இது வெறும் காகிதத் தொல்லை என்று நகைப்பாரும் உளர். நான் அங்ஙனம் கருதவில்லை. மேலே கண்ட அச்சு, பிரேக், பெட்ரோல் குழாய் ஆகியவற்றுள் ஒன்று தவறினும் அடிபடுபவர் ஓட்டுபவர் மட்டும் அல்லரே.

மற்றொரு விதியும் உண்டு. அது 2021-இல் வந்தது. முதற் பதிவினின்று ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் ‘தொன்மை வண்டி’ எனப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும்; புதுப்பிக்க 5,000. எண் பலகையில் மாநிலக் குறியை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் நிற்கும். அத்தகைய வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்க்கவும் ஓட்டலாமேயன்றி, அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. அடிச்சட்டமும் உடலும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்பெறாதிருத்தலே அப்பெருமைக்கு உரிய நிபந்தனை. பாட்டனாரின் எம்.ஜி.ஏ. தன் பிளவுண்ட இயந்திரத்தைச் செப்பனிட்டுக்கொண்டால் இவ்வரிசையில் நிமிர்ந்து நிற்கும். ஹோண்டா இயந்திரத்தோடு விரைந்து ஓடினால் இவ்வரிசையில் இடமில்லை. இரண்டையும் ஒருங்கே பெற இயலாது.

அன்பர் எதைத் தேர்வார் என்பது அவருடைய கையிருப்பையும் ஆசையையும் பொறுத்தது. என்னைக் கேட்டால், நல்ல உடலும் செத்த இயந்திரமுமாய் ஆயிரக்கணக்கில் உள்ள வண்டி வகைகளில் மாற்றம் செய்வதில் குற்றமில்லை. நம் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளில், வார்ப்பிரும்புப் பிளவை ஒட்டவல்ல தச்சனைத் தேடுவதே தகும் என்பேன். அப்பிளவுகளை வெல்டிங் இன்றி, குளிர்ந்த நிலையிலேயே உலோகத் தையலிட்டு அடைக்கும் முறையொன்று உண்டு. பிளவின் குறுக்கே துளையிட்டு உலோகப் பூட்டுகளை அறைந்து, பிளவின் நெடுகத் திருகாணிகளை நிரப்பி, மேலே சமன்செய்துவிடுவர். வெப்பம் படாமையால் வார்ப்பு கோணாது.

மாற்றத்தையே துணிந்தவர்க்கும் ஒன்று கூறவேண்டும். கழற்றிய இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுதல் கூடாது. நீரையும் பழைய எண்ணெயையும் முற்றும் வடித்து, ஒவ்வோர் உருளையிலும் சிறிது புதிய எண்ணெய் விட்டு, தண்டைக் கையால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, துளைகளையெல்லாம் அடைத்துவிடுக. கடற்கரை ஊராகிய புதுவையில் உப்புக் காற்று இரும்பை விரைந்து தின்னுமாதலால், எண்ணெய்த் துணியால் சுற்றி, தரையில் படாதபடி மரப்பலகைமேல் ஏற்றி வைக்க வேண்டும். அடிச்சட்டத்தில் எங்கும் வெட்டாது, போல்ட்டால் மட்டுமே புதிய தாங்கிகளைப் பொருத்தியிருந்தால், பின்னொரு நாளில் பேரனாரின் பேரன் பழைய இயந்திரத்தைச் செப்பனிட்டு மீண்டும் அதன் இடத்திலேயே இறக்கலாம். இயந்திரத்தில் பொறித்த எண்ணும் பழைய பதிவுச் சான்றின் எண்ணும் அன்று ஒத்திருக்கும்.